கால் முறிந்த குதிரைக்கு எது இரக்கம்?

குதிரைக்குக் கால் முறிந்தால் துப்பாக்கிதான் மருந்து என்று மேல்நாட்டில் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். போர்க்களத்திலும் பந்தய மைதானத்திலும் பண்ணையிலும் அதுவே வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். தன் கையால் தீனி வைத்து வளர்த்த குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதைச் செய்தவர்களும் உண்டு. இனி அது படப்போகும் பாட்டை நினைத்தால், இதுவே நாம் அதற்குச் செய்யக்கூடிய கடைசி உபகாரம் என்பது அவர்கள் எண்ணம்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. முறிந்த எலும்பைத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கிச் சேர்க்கும் வித்தை மிருக வைத்தியர்களுக்குக் கைவந்திருக்கிறது. முன்பு அன்றைக்கே மாண்டிருக்க வேண்டிய குதிரைகளில் சில இன்று புல்வெளியில் மேய்கின்றன. ஆகவே, முன்பு எழாத கேள்வி ஒன்று இப்போது எழுகிறது. காப்பாற்ற முடியும் என்பதனாலேயே, முயல்வது கடமையாகிவிடுமா? மாதக்கணக்கில் நோவைச் சுமக்கவைத்து உயிரோடு நிறுத்துவது இரக்கமா? நோவு பெருகுமுன் அமைதியாக முடித்துவிடுவது இரக்கமா?

நமக்கென்ன, நாம் குதிரை வளர்க்கவில்லையே என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வாய் திறந்து தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத ஓர் உயிருக்காக நாம் முடிவு செய்ய நேரும்போது, நம் உள்ளத்தில் உண்மையில் இருப்பது என்ன என்பதை உரைத்துப் பார்க்கும் உரைகல் இது.

குதிரையின் கால்

முதலில், குதிரைக்கு மட்டும் கால் முறிவு ஏன் இத்தனை ஆபத்து என்பதை அறிய வேண்டும். நாய்க்குக் கால் முறிந்தால் மூன்று காலில் நொண்டிக்கொண்டே ஆற்றிக்கொள்கிறது. குதிரையோ சுமார் ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி. அவ்வளவு பாரத்தையும் அது நான்கு விரல்களின் மேல் சுமக்கிறது. நமது நடுவிரலுக்கு ஒப்பான ஒரே விரல்தான் அதன் ஒவ்வொரு காலின் முடிவிலும் இருக்கிறது. அந்த விரலின் நகமே குளம்பு. முழங்காலுக்குக் கீழே தசை என்பதே இல்லை எனலாம். எலும்பும் நரம்பும் தோலுந்தான். ஆகையால் எலும்பு முறிந்தால் அதன் கூர்முனை எளிதில் தோலைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் அழுக்கு ஏறினால் புண் ஆறுவது அரிது.

படுக்க வைத்துச் சிகிச்சை செய்யலாமே என்று கேட்கலாம். குதிரையால் நெடுநேரம் படுத்திருக்க முடியாது. அதன் உடற்பாரமே கீழ்ப்பக்கத்து நுரையீரலையும் தசைகளையும் நசுக்கிவிடும். அது நிற்பதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி; நின்றபடியே உறங்கவும் வல்லது. முறிந்த காலுக்கு ஓய்வு வேண்டுமானால், மற்ற மூன்று கால்களும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இங்கேதான் இரண்டாவது ஆபத்து ஒளிந்திருக்கிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பு, மெல்லிய மடிப்புகளான சதையினால் குளம்பின் உட்சுவரோடு பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. குதிரை அடி எடுத்து வைக்க வைக்க, பாரம் ஏறியும் இறங்கியும் அம்மடிப்புகளில் இரத்தம் ஓடுகிறது. நோயுற்ற கால் தரையில் ஊன்றாதபடி நல்ல காலின் மேலேயே குதிரை வாரக்கணக்கில் நின்றால், அந்த நல்ல குளம்பில் இரத்த ஓட்டம் குறைந்து, மடிப்புகள் அழற்சி கண்டு, பிணைப்பு விட்டுப்போகும். குளம்பழற்சி என்னும் இந்த நோய் தாங்கொணா வேதனை தருவது. முறிந்த கால் ஆறிக்கொண்டிருக்கும்போதே, முறியாத கால் குதிரையைக் கொன்றுவிடக்கூடும்.

நான்கு குதிரைகளின் கதை

1975 ஜூலை 6-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த பெல்மாண்ட் பார்க் மைதானம். ரஃபியன் என்ற பெண் குதிரை அதற்கு முன் ஓடிய பத்துப் பந்தயங்களிலும் தோல்வி கண்டதில்லை. அன்று ஓர் ஆண் குதிரையோடு தனித்து ஓடும் பந்தயத்தில், அதன் வலது முன்னங்காலின் சிற்றெலும்புகள் இரண்டும் நொறுங்கின. அன்றிரவே சஸ்திர சிகிச்சை செய்தார்கள். ஆனால், மயக்கம் தெளிந்தபோது பாவம், பந்தயம் இன்னும் முடியவில்லை என்று அது எண்ணியதோ என்னவோ, படுத்தபடியே கால்களை வீசி ஓடத் தொடங்கியது. பிடித்து நிறுத்த யாராலும் இயலவில்லை. மாவுக்கட்டு சிதைந்தது, போட்ட வேலையெல்லாம் பாழாயிற்று. மறுநாள் விடியுமுன் ஊசி மருந்தால் அதன் வாழ்வை முடித்தார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1972 ஆகஸ்டில், இங்கிலாந்தில் வேறொரு கதை நடந்தது. முந்திய ஆண்டின் டெர்பி பந்தயத்தை வென்ற மில் ரீஃப் என்னும் குதிரைக்குப் பயிற்சி ஓட்டத்தின்போது இடது முன்னங்கால் முறிந்தது. லாயத்திலேயே ஓர் அறையை ஒழித்துச் சஸ்திர சிகிச்சை செய்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். அது சாந்தமான குதிரை. கட்டோடு வாரக்கணக்கில் பொறுமையாக நின்றது. மறுபடி பந்தயம் ஓடவில்லை; ஆயினும் இனவிருத்திக்கென நியூமார்க்கெட்டில் வாழ்ந்து, 1986 வரை உயிரோடிருந்தது. அதன் வாரிசுகளில் இரண்டு அதே டெர்பியை வென்றன.

ஒரு படி மேலே சென்ற குதிரையும் உண்டு. அமெரிக்காவின் பெர்சனல் என்ஸைன் என்ற பெண் குதிரைக்கு 1986-ல் பின்னங்கால் எலும்பு முறிந்தது. ஐந்து திருகாணிகள் வைத்து முடுக்கினார்கள். மறு ஆண்டே மைதானத்திற்குத் திரும்பி, 1988-ல் தான் ஓடிய பதின்மூன்று பந்தயங்களிலும் தோற்காமலே ஓய்வு பெற்றது.

நான்காவது, பார்பரோ. 2006 மே மாதம் கெண்டக்கி டெர்பியைப் பெரும் இடைவெளியில் வென்ற குதிரை. இரண்டே வாரத்தில், மே 20-ந் தேதி, பால்டிமோர் நகரப் பந்தயத்தில் ஓடத் தொடங்கிய சில நொடிகளுக்குள் அதன் வலது பின்னங்கால் சிதறியது. ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் முறிவு. குளம்புக்கு மேலுள்ள எலும்பு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாயிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மிருக ஆஸ்பத்திரியில் டாக்டர் டீன் ரிச்சர்ட்ஸன் ஒரு தகட்டையும் இருபத்தேழு திருகாணிகளையும் கொண்டு அதை ஒட்டவைத்தார். ரஃபியனுக்கு நேர்ந்தது இதற்கும் நேராதபடி, குதிரையை ரப்பர் மிதவையில் வைத்துக் குளத்தில் இறக்கி, தண்ணீரிலேயே மயக்கம் தெளியவிட்டார்கள்.

தேசமே அந்தக் குதிரையைப் பற்றிப் பேசிற்று. குழந்தைகள் கடிதம் எழுதினார்கள். ஆப்பிளும் காரட்டும் கூடை கூடையாக வந்தன. ஜூலையில், அஞ்சியபடியே, இடது பின்னங்குளம்பில் அழற்சி கண்டது. அந்தக் குளம்பின் சுவரில் எண்பது சதவிகிதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. அதையும் தாங்கிற்று. ஆகஸ்டில் வெளியே அழைத்து வந்து புல் மேயவிட்டார்கள். ஆண்டிறுதியில், ஆஸ்பத்திரியைவிட்டுப் போகும் நாள் பற்றிப் பேச்சு எழுந்தது. ஜனவரியில் நிலைமை தலைகீழாயிற்று. இடது குளம்பு மீண்டும் கெட்டது. வலது காலிலும் புதிய தொல்லை. முடிவில் முன்னங்குளம்புகள் இரண்டிலும் அழற்சி. நிற்பதற்கு நல்ல கால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2007 ஜனவரி 29-ந் தேதி, உடையவர்களும் வைத்தியரும் கலந்து பேசி, அதன் வாழ்வை அமைதியாக முடித்தார்கள்.

எட்டு மாதப் பாடு வீணா?

பார்பரோவின் கதையைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எட்டு மாதம் வதைத்துக் கடைசியில் கொல்வதற்கு, அன்றைக்கே முடித்திருக்கலாமே என்றது ஒரு கட்சி. முயன்று பார்த்ததுதான் அன்பு என்றது மற்றது.

முடிவை வைத்து முயற்சியை அளப்பது நியாயமாகாது. மில் ரீஃப் பிழைத்தது. ஆகவே அதற்குச் சிகிச்சை செய்தது சரி, பார்பரோ மாண்டது. ஆகவே தவறு என்று சொன்னால், சிகிச்சை தொடங்கும் நாளில் யாரால் எதைச் செய்ய முடியும்? அன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான் அன்றைய கடமையை அறிய வேண்டும்.

ஆயினும், இங்கே மனிதனுக்கும் மிருகத்துக்கும் உள்ள ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கலாகாது. கால் முறிந்த மனிதனிடம், மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நடப்பீர்கள் என்று சொல்லலாம். அவன் அந்த மூன்று மாதத்துக்கு அப்பால் தன் வீட்டு வாசலைக் காண்கிறான், பிள்ளைகளைக் காண்கிறான், அதற்காக இன்றைய நோவைத் தானே மனமுவந்து ஏற்கிறான். துன்பத்திலும் ஓர் அர்த்தத்தைக் கண்டுகொள்ளும் வல்லமை அவனுக்கு உண்டு. ஆகவே, குதிரைக்குச் சொல்லும் நியாயத்தை நோயாளியான மனிதனிடம் கொண்டுபோய் வைப்பது பெரும் பிழை.

குதிரைக்கோ நாளை என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அதற்கு இன்றைய வலி இன்றைய வலிதான். நாளைக்கு நீ மேய்வாய் என்று நாம் அதன் இன்றைய நாளைக் கடனாக வாங்கிக்கொள்கிறோம். கடன் கொடுக்க அது சம்மதிக்கவில்லை, கைநாட்டு வைக்கவுமில்லை. நாமாக எடுத்துக்கொண்ட கடன் அது. எனவே, திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நியாயமான நம்பிக்கை உள்ளவரைதான் அந்தக் கடனை வாங்க நமக்கு உரிமை உண்டு. அந்த நம்பிக்கை அற்றுப்போன பிறகு வாங்குகிற ஒவ்வொரு நாளும் திருட்டு.

பார்பரோவை உடையவர்களும் வைத்தியரும் தொடக்க முதல் ஓர் அளவுகோலை வைத்திருந்தார்கள்: குதிரை நோவைத் தாங்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதே அது. ஜூலையில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் வேறு. ஜனவரியில் கிடைத்த பதில் வேறு. கேள்வியை அவர்கள் மாற்றவில்லை. அதனால்தான் அந்த எட்டு மாதத்தை வதை என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

லாயத்துக்குள்ளே

இரக்கம் என்பது ஒருநாள் எடுக்கும் வீரத் தீர்மானம் என்று எண்ணிக்கொள்கிறோம். கால் முறிந்த குதிரையைப் பராமரிப்பவர்களைப் பார்த்தால் அது அப்படி இல்லை என்பது விளங்கும்.

விபத்து நடந்த இடத்திலேயே பராமரிப்பு தொடங்குகிறது. குதிரையை ஓர் அடிகூட நடக்கவிடக் கூடாது. அமைதிப்படுத்தி, காலுக்குச் சட்டம் வைத்துக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு சரியாக அமையாவிட்டால், பிறகு எத்தனை பெரிய வைத்தியர் வந்தும் பயனில்லை. வண்டியில் ஏற்றுவதிலும் முறை உண்டு. முன்னங்கால் முறிந்த குதிரையைப் பின்னோக்கியும், பின்னங்கால் முறிந்ததை முன்னோக்கியும் நிறுத்துவார்கள். வண்டி சட்டென்று நிற்கும்போது பாரம் நல்ல கால்களின் மேல் விழவேண்டும் என்பதற்காக.

சஸ்திர சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின் வருவது மாதங்கள். நான்கு சுவருக்குள் அடைபட்டு நிற்கும் அந்தப் பிராணிக்கு அடியில் மெத்தென்று வைக்கோல் பரப்ப வேண்டும். நாள் தவறாமல் சாணத்தை அள்ள வேண்டும். தானியத்தைக் குறைத்து உலர்புல்லை மிகுதியாக வைக்க வேண்டும். ஓடாத குதிரைக்கு ஓடும் குதிரையின் தீனி போட்டால் வயிற்றுவலி கண்டு மாளும். நல்ல காலின் குளம்புக்கு அடியில் தாங்கல் வைக்க வேண்டும். காலையும் மாலையும் குளம்பைத் தொட்டுப் பார்த்துச் சூடு கண்டிருக்கிறதா, நாடி துள்ளுகிறதா என்று அறிய வேண்டும். கட்டின் மேல் கை வைத்து உள்ளே புண் ஏறுகிறதா என்று முகர்ந்தும் பார்க்க வேண்டும். எலும்பு பிடித்த பிறகும், கயிற்றைப் பிடித்து முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று நடத்திப் பழக்க வேண்டும்.

இவ்வேலைகளைச் செய்பவர் பெரும்பாலும் பெயர் தெரியாத லாயக்காரர்தான். தீனியை மிச்சம் வைத்தது, காது தொங்கியிருக்கிறது, கண்ணில் பழைய ஒளி இல்லை, இரவில் பாரத்தை அடிக்கடி காலுக்குக் கால் மாற்றியது என்று முதலில் கண்டு சொல்பவர் அவரே. குதிரைக்கு வாய் இல்லை. ஆனால், அது பேசாமலில்லை. தினமும் அருகில் நிற்பவருக்கு அதன் பேச்சு கேட்கிறது. எட்டத்தில் இருந்து அன்பு செலுத்துகிறவருக்குக் கேட்பதில்லை.

ஆகவே, இரக்கம் எது என்ற கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை, லாயத்தில் இருக்கிறது. அருகில் இருந்து பார்ப்பவனே, இன்னும் முயலலாம் என்றோ, இனிப் போதும் என்றோ சொல்லத் தகுதியுள்ளவன்.

யாருடைய நோவு?

இவ்விடத்தில் நம் மனச்சாட்சியை நாமே விசாரிக்க வேண்டும். கால் முறிந்த குதிரையின் பக்கத்தில் நிற்கும்போது உண்மையில் இரண்டு நோவுகள் அங்கே இருக்கின்றன. ஒன்று குதிரையின் நோவு. மற்றது நம் நோவு. அவசரமாக முடித்துவிடுவோம் என்பவன், பார்க்கச் சகிக்கவில்லையே என்ற தன் நோவையே முடிக்க நினைக்கலாம். செலவுக்கு அஞ்சி, அந்த அச்சத்துக்கு இரக்கம் என்று பெயர் சூட்டியிருக்கலாம். விடவே மாட்டேன், எப்படியும் பிழைக்கவைப்பேன் என்பவனும், பிரிவைத் தாங்கமாட்டாத தன் நோவுக்காகவே குதிரையை நிறுத்தி வைத்திருக்கலாம். அல்லது, நான் விட்டுக்கொடுத்தவன் அல்லன் என்ற பெருமைக்காக. இரண்டு பேரும் அன்பு என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். இரண்டு பேரிடத்திலும் குதிரை மறைந்துபோகிறது.

ஒரு மிருகத்துக்கு இத்தனை பணமா, பசித்த மனிதர் இருக்கையில் இது தகுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பசித்தவன் பங்கை எடுத்துக் குதிரைக்குச் செலவழிப்பது தகாது. ஆனால், அந்தக் குதிரை எப்படிக் கால் முறித்துக்கொண்டது என்பதையும் கேட்க வேண்டும். காட்டில் தன் போக்கில் ஓடி அல்ல. நாம் ஓட்டினோம், நாம் கைதட்டினோம், அதன் ஓட்டத்தால் வந்த பரிசை நாம் எடுத்துக்கொண்டோம். அதன் பலத்தைத் தின்றவர்களுக்கு அதன் பலவீனத்தில் பங்கில்லை என்பது எந்தக் கணக்கு? ஓட்டுவதற்கு முன்பே காலைச் சோதித்து, எலும்பிலே ஏற்பட்டிருக்கும் சிறு கீறலைக் கண்டு ஓய்வு கொடுப்பதும் அந்தக் கடனில் சேர்ந்ததே. பல முறிவுகள் திடீரென்று வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நாள்பட நாள்படச் சேர்ந்து வருவன.

எல்லாரிடமும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் பணம் இருக்குமா? இராது. வண்டிக் குதிரையால் வயிறு வளர்க்கும் ஏழைக்குத் தகடும் திருகாணியும் எட்டாக்கனி. முடியாததைச் செய்யவில்லை என்று அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. மிருக வைத்தியரை அழைத்து, பக்கத்தில் நின்று, நோவில்லாமல் முடித்துவைக்கிறவனும் தன் கடனைத் தீர்த்தவனே. பாவம் எங்கே இருக்கிறதென்றால், உதவாது என்று அறிந்தவுடன் கயிற்றை அவிழ்த்து நடுத்தெருவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதில் இருக்கிறது. அவன் கொல்லவுமில்லை, காக்கவுமில்லை. கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

மூன்று கேள்விகள்

எனவே, இப்படி ஒரு நிலைமையில் நிற்பவர் தம்மையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. முதலாவது: பிழைத்தால் அது குதிரையாக வாழுமா? அதாவது, நான்கு காலில் நின்று, நடந்து, மேய்ந்து, தன் இனத்தோடு இருக்குமா? இரண்டாவது: அதுவரையில் அதன் நோவை மருந்தாலும் பராமரிப்பாலும் ஓர் அளவுக்குள் வைத்திருக்க முடியுமா? மூன்றாவது: தொடங்கிய நான் கடைசிவரை அருகில் இருப்பேனா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிகிறவரை முயல வேண்டும். முதல் இரண்டில் ஒன்றுக்கேனும் இல்லை என்ற பதில் வரும் நாளில், கையைத் தளர்த்தி விடை கொடுக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் எந்த நாளிலும் ஆம் என்பதே பதிலாக இருக்கட்டும். ஏனெனில், பிழைக்கும் குதிரைக்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். மாளும் குதிரைக்கும் வேண்டும்.

மில் ரீஃப் வெற்றி, பார்பரோ தோல்வி என்று உலகம் கணக்கெழுதும். அந்த லாயங்களில் இராத்திரி விழித்திருந்தவர்களின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இருவரும் குளம்பைத் தொட்டுப் பார்த்தார்கள், வைக்கோலை மாற்றினார்கள், கண்ணைப் பார்த்தார்கள். ஒருவருக்கு, நாளைக்கும் வா என்று அது சொல்லிற்று. மற்றவருக்கு, போதும் என்று சொல்லிற்று. சொன்னதைக் கேட்கிற தூரத்தில் இருவரும் இருந்தார்கள்.

நம் வீட்டு முற்றத்தில் குதிரை இல்லாதிருக்கலாம். ஆனால், நம்மையே நம்பிக் கட்டுத்தறியிலும் வாசற்படியிலும் நிற்கும் ஏதோ ஓர் உயிர் இருக்கும். அதற்கு நோவு வரும் நாளில், எட்டி நின்று இரங்காமல், கிட்டப்போய்க் கை வைத்துப் பார்ப்போமாக.